பதிவேட்டின்படி ரத்னாபாயின் மில் ஒரு சதுப்பு நிலம்

இயற்கை என்ற ஒன்று உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது திருவனந்தபுரத்துக் கரமனையில்தான். நாள், பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை. நேரம், முற்பகல் பதினொன்றரை. இடம், எங்கள் சந்துக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்ட மண்டபம். அதாவது கோலப்பன் அண்ணாச்சியின் கார் ஷெட். கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், நேரத்தில் பிழை கிடையாது.

அதற்கு முன்னால் உங்கள் சந்தில் மரமே இல்லையா, தவளையே இல்லையா என்று கேட்பீர்கள் மக்களே. எல்லாம் இருந்தன. ஆனால் அவை இயற்கை என்று யாரும் எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை. நாங்களும் ஏதோ கிடக்கிறது என்று விட்டுவிட்டோம்.

சந்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிற சந்து. உச்சியில் கோலப்பன் அண்ணாச்சி வீடு. அவர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற அக்கவுண்டன்ட், சான்றிதழ் எதைக் கண்டாலும் சட்டம் போட்டு மாட்டுகிறவர். கீழே கடைசிக்கு முந்தினது என் வீடு. கடைசியில் ரத்னாபாயின் மாவு மில். முன்னால் மில், பின்னால் அவள் குடியிருக்கிற இரண்டு அறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பச்சைத் தகரக் கூரை. அதற்கும் அப்பால் ஒரு பெரிய பள்ளம். தாழைக்குழி என்போம். ஓரமெல்லாம் தாழம்புதர், நடுவில் சேம்பு, இடையில் குளக்கோழி. ஐப்பசி மழையில் சந்துத் தண்ணீர் முழுவதும் மில்லின் பக்கவாட்டு ஓடை வழியாக அதில் இறங்கும். நான்கு நாள் அங்கேயே கிடந்து, மெல்ல ஆற்றுக்குப் போகும். மில்லுக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. முப்பது வருஷமாக அந்த ஒரு படியைத் தண்ணீர் ஏறியதில்லை. அறிவில்லாத காலம், அதை நாங்கள் கொசுக்குழி என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புதன்கிழமை வந்தவள் ரெம்யா. நல்ல பெண், சிரித்த முகம், தோளில் கம்ப்யூட்டர் பை. 'நகரத் தட்பவெப்பத் தகவமைப்பு மற்றும் இயற்கைவழித் தீர்வுகள் முன்னோடிச் செயற்பிரிவு' என்ற அலுவலகத்தின் திட்ட அதிகாரி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிடும் என்பதால் நான் செயற்பிரிவு என்றே சொல்கிறேன். அண்ணாச்சியின் கார் ஷெட்டில் வேட்டியைத் திரையாகக் கட்டி, அதில் படம் காட்டினாள்.

"சிட்டி ஒரு ஸ்பாஞ்ச் ஆகணும் அம்மே. மழை வந்தா குடிக்கணும், பின்னே மெல்லே மெல்லே விடணும். காங்கிரீட்டோட சண்டை போட்டு ஒரு காரியமும் இல்லா. நேச்சர்தன்னே சொல்யூஷன்."

கூட்டம் மெய்சிலிர்த்தது. கூட்டக் குறிப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். ரத்னாபாய் மட்டும் மாவு படிந்த கையை உயர்த்தினாள். ஐம்பது வயது, மில் சத்தத்தில் பேசிப் பேசி, சத்தம் இல்லாத இடத்திலும் கத்தித்தான் பேசுவாள்.

"மோளே, அந்த ஸ்பாஞ்சு எனக்க பொறத்தாலதான கெடக்கு. முப்பது வருஷமா குடிச்சிட்டுக் கெடக்கு."

ரெம்யா கையிலிருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்தாள். முகம் வருந்தியது.

"இல்லல்லோ அம்மே. ரெக்கார்ட்படி அது உலர்ந்த மனை. காங்கிரீட் தளம்."

"காங்கிரீட்டா? தவளைகிட்ட கேட்டியா?"

"பின்னே, சதுப்பு நிலம் இவிடே உண்டு." அவள் விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "அது... அம்மைக்க மில்லு."

ஷெட்டில் எல்லோரும் ரத்னாபாயைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் முப்பது வருஷமாகச் சதுப்பில் மாவு அரைத்து வந்ததை ஒருத்திக்கு இப்படிச் சபையில் சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

குற்றம் யார் மீதும் இல்லை மக்களே. பதிவேட்டை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத் தயாரித்திருக்கிறார்கள். படம் எடுத்தது மாசி மாதம், ஆற்றுகால் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். அந்த வாரம் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரளிக் கொழுக்கட்டைக்கும் புட்டுக்கும் அரிசி கழுவி, உலர்த்தி, மில்லில் கொண்டு கொடுக்காத வீடு கிடையாது. மாசியில் தாழைக்குழி வற்றி வெடித்துக் கிடக்கும். வெயிலும் நேராக விழும். ஆகவே சந்து முழுவதும் அங்கேதான் வெள்ளை வேட்டியை விரித்து அரிசி காயப்போடுவோம். ஒரு கையகல மண் தெரியாது. ஆகாயத்துக்கு அது சிமென்ட் தளம். ரத்னாபாய்க்கோ அந்த வாரம் மூச்சு விட நேரமில்லை. தகரச் சூடு தாங்காமல், பச்சைக் கூரை மேல் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டிருந்தாள். ஆகாயத்துக்கு அது ஈரமும் பசுமையும்.

ரெம்யா படத்தைக் காட்டியதும் ரத்னாபாய் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அய்யோ, அது எனக்க சாக்குலா! இந்தா கெடக்கது அண்ணாச்சிக்க வேட்டி. கரையப் பாருங்க, பச்சக் கர!"

கோலப்பன் அண்ணாச்சி எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எனக்க வேட்டி ஆகாசத்துலேருந்து தெரியுதா? இந்தப் படத்துல ஒரு பிரதி கிடைக்குமா மோளே?"

கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

செயற்பிரிவின் விதி எளிமையானது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சதுப்பு நிலத்தைப் பாதுகாக்க வேண்டும்; ஒரு வறண்ட மனையை 'இயற்கைமயமாக்க' வேண்டும். இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் முன்னுரிமை. இந்த நகரத்திலேயே அப்படி அமைந்த ஒரே சந்து எங்களுடையது. வறண்ட மனையில் 'மழைப் பூங்கா' வரும். சதுப்பு நிலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள்.

"அப்படியே விடுகதுன்னா?" என்றாள் ரத்னாபாய்.

"ஒண்ணும் செய்ய மாட்டோம் அம்மே. பயப்படண்டா."

"குழிய நிரத்தினா வெள்ளம் எங்க போவும்?"

"அதுக்கு மாடலிங் செஞ்சிருக்கு. வெள்ளம் நேச்சுரலாயிட்டு சதுப்பு நிலத்துக்குப் போவும்."

ரத்னாபாய் அந்தப் பதிலை ஒருமுறை வாய்க்குள்ளேயே அரைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்க மோட்டாருக்கு மேல," என்றாள்.

பதிவேட்டைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. எங்கள் அரசாங்கம் வழி இல்லாத எதையும் வைத்ததில்லை. மனு கொடுக்கலாம். 'மேற்படி இடம் வீடும் மில்லுமே ஆகும், சதுப்பு நிலம் அல்ல' என்று அக்கம்பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டால் பதிவேடு மாறும். மாறினால் சதுப்பு நிலம் இல்லை. சதுப்பு நிலம் இல்லையென்றால் திட்டமும் இல்லை.

மனுவோடு அவள் முதலில் சந்தின் உச்சிக்கு ஏறினாள். நானும் உடன் இருந்தேன்.

"ரத்னா, ஒனக்க மில்லு மில்லுதான். எனக்குத் தெரியாதா? என் பேத்திக்கு ராகி பொடிச்சது அங்கதான," என்றார் அண்ணாச்சி. "ஆனா நமக்குத் தெரிஞ்சத எல்லாம் எழுதிக் கொடுக்க முடியுமா? பார்க்கு போயிரும்லா. முன்னோடி சந்துன்னு போர்டு வைக்கப் போறாங்க. இத்தன சந்து இருக்கே, எதுக்காவது போர்டு உண்டா?"

"அண்ணாச்சி, மோட்டாரு தரையோட போல்ட் போட்டு இருக்கு. ஒரு சாண் ஏறினா தீந்தது. எனக்கு வேற பொழப்பு ஏது?"

"ஐப்பசிக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு. அதுக்குள்ள என்னென்ன நடக்குமோ. மழையே பெய்யாமக்கூடப் போகலாம். காலநிலை மாறிட்டுல்லா வருது."

அவர் கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் நீட்டினாள். மக்களே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பூங்காவில் வயதானவர்களுக்குச் சாய்மானம் வைத்த பெஞ்சு வரும் என்று வரைபடத்தில் பார்த்திருந்தேன். அன்று என் பேனாவில் மை இல்லை. இல்லை என்றுதான் சொன்னேன். அவள் என் பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி அக்கா," என்று சொல்லி, கையெழுத்து இல்லாத மனுவையே கொண்டுபோய்ச் செயற்பிரிவில் கொடுத்துவிட்டு வந்தாள். நேரில் வந்து பரிசோதிப்போம் என்று ரசீது கொடுத்தார்கள்.

வைகாசியில் வேலை தொடங்கியது. இயற்கையைக் கொண்டுவரும்முன் இடத்தைச் சுத்தமாக்க வேண்டும் அல்லவா? முதலில் தாழம்புதரைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். சேம்பை அள்ளினார்கள். எங்கோ ஒரு குன்றை இடித்துக் கொண்டுவந்த செம்மண்ணை லாரி லாரியாகத் தட்டினார்கள். அந்தக் குன்றும் இயற்கைதானே, ஆகவே இயற்கைவழியே நிரப்பினார்கள் என்று குறிப்பில் எழுதினேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அந்த வருஷம் எங்களை ஏமாற்றிவிட்டது. கொஞ்சம் தூறிவிட்டுப் போயிற்று. "பாத்தியா, திட்டம் வேலை செய்யுது," என்றார் அண்ணாச்சி.

மண்ணுக்கு மேல் ஜல்லி, ஜல்லிக்கு மேல் இன்டர்லாக் கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு தவளைப் படம். நடுவில் ஆறடிக்கு எட்டடியில் நீலத் தொட்டி. அதுதான் 'ஈரநிலக் கூறு'. வெளியூரிலிருந்து வரவழைத்த கோரையை அதில் தொட்டிச் செடியாக இறக்கினார்கள். தாழை வேரோடு போனதால் தவளைச் சத்தம் நின்றுபோனது. செயற்பிரிவு அதையும் கவனித்து, நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்தது. மாலை ஐந்து முதல் ஆறு வரை தவளை கத்தும். ஞாயிறு விடுமுறை. உள்ளபடியே சொல்கிறேன், நிஜத் தவளையைவிடத் தெளிவான உச்சரிப்பு.

ஆவணியில் திறப்பு விழா. வரவேற்புரை நான். பூங்கா மழையை எப்படி ஏற்கும் என்று காட்ட, டேங்கர் லாரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரைப் பீச்சினார்கள். கூட்டம் கைதட்டியது. தண்ணீர் தவளைக் கற்களின் மேல் வழுக்கிக்கொண்டு, பூங்காவின் சுவர் ஓரமாகத் திரும்பி, ஓடையில் ஏறி, அழகாக ஒரு முடிவுக்கு வந்ததுபோல் மில்லை நோக்கிப் போயிற்று. ரத்னாபாய் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். படியின் பாதி உயரத்துக்கு வந்து நின்றது.

"கண்டோ!" என்றாள் ரெம்யா, மைக்கில். "பார்க்குல ஒரு துள்ளி வெள்ளம் நிக்கல!"

ரத்னாபாய் படியில் மீதி இருந்த உயரத்தை விரலால் அளந்தாள். மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்தாள். மோட்டாரையும் மெஷினையும் இரண்டடி மேடை கட்டி ஏற்றவேண்டும். செங்கல்லும் வந்துவிட்டது. அப்போது ரெம்யா ஓடி வந்தாள். கண்ணில் நிஜமாகவே கவலை.

"அம்மே, இங்கே கட்டக் கூடாது. சதுப்பு நிலத்தில் கட்டுமானம் குற்றமாகும். எனக்கு அம்மையை இஷ்டமாணு, அதுகொண்டுதான் சொல்லுறேன்."

"மோளே, இது மில்லு."

"அம்மையோட மனு பெண்டிங் அல்லே? அது தீருற வரை சதுப்புதான்."

செங்கல்லைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் என் பெஞ்சிலிருந்து பார்த்தேன். நல்ல சாய்மானம்.

ஐப்பசி பத்தாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில், காலநிலை மாறாமல் வழக்கம்போல மழை பெய்தது. மேலிருந்து சந்துத் தண்ணீர் முழுவதும் இறங்கியது. வழக்கமான இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறது. அங்கே தவளைக் கல். திரும்பிவிட்டது. மூன்று மணிக்குப் படியை ஏறியது. என் முற்றத்திலும் கணுக்கால் வரை வந்தது. நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

அவள் கெண்டைக்கால் தண்ணீரில் உட்கார்ந்து, கைகளைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணால் பார்க்க முடியாத போல்ட்டுகளை ஸ்பேனரால் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று கழன்றிருந்தன. நான்காவது துருப்பிடித்தது.

"அக்கா, மெயின அணைச்சாச்சு. பயப்படாம இதைப் பிடிங்க."

பிடித்தேன். என் கையில் அவ்வளவு பலம் இல்லை. தண்ணீர் மோட்டாரின் வாய்க்குள் 'களக்' என்று இறங்கிய சத்தத்தை இரண்டு பேரும் கேட்டோம். அதற்குப் பிறகு அவள் திருகுவதை நிறுத்திவிட்டாள். ஊர்க்காரர்கள் அரைக்கக் கொடுத்த அரிசிச் சாக்குகள் ஓரத்தில் ஊறின. அரைத்து வைத்திருந்த மாவு தானாகவே கூழாகிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு தவளை வந்து அரவைக் கல்லின் மேல் உட்கார்ந்தது.

வாசலில் குடையோடு அண்ணாச்சியின் குரல் கேட்டது. "அக்கா! ரத்னா! கவலப்படாதீங்க. பார்க்குக்கு ஒண்ணும் ஆகல!"

சரியாக ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் தவளை கத்தத் தொடங்கியது. கல்லின் மேல் இருந்த தவளை பதில் சொன்னது.

மனுவின் மேல் நேரடிப் பரிசோதனை வராது என்று நினைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும். பத்தே நாளில் வந்தது. ரெம்யாவோடு இரண்டு நிபுணர்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. முதலில் பூங்காவுக்குப் போனார்கள்; காலால் தட்டிப் பார்த்து, 'உலர்ந்த மனை, கடினத் தளம்' என்று எழுதினார்கள். பிறகு மில்லுக்குள் இறங்கினார்கள். தண்ணீர் அப்போதும் கெண்டைக்கால் அளவு கிடந்தது, போக்கிடம் இல்லையே. மூன்று வகைத் தவளை, நீர்ப்பூச்சி, ஊறி முளைவிட்ட நெல்லோ அரிசியோ என்று தெரியாத ஏதோ பச்சை. அரிசி கொட்டுகிற தகரப் புனலுக்குள் குளக்கோழி ஒன்று கூடு வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. நிபுணர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இத்தனை உயிர்ப்புள்ள சதுப்பு நிலத்தை இந்த நகரத்தில் நான் பார்த்ததில்லை," என்றார்.

பதிவேடு பொய் சொல்லவில்லை மக்களே. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். மனு தள்ளுபடி ஆயிற்று. மில் வாசலில் பலகை வைத்தார்கள்: 'பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம். உள்ளே நுழைவதும், வசிப்பதும், மாவு அரைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது.' ரத்னாபாய்க்கு ஒரு கடிதமும் வந்தது: சதுப்பு நிலத்தில் அத்துமீறிக் குடியிருப்பவர் என்ற முறையில் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். சங்கத்துக்கு ஒரு கேடயம் வந்தது. அண்ணாச்சி வேட்டிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஊரில் மற்ற இடமெல்லாம் வெள்ளம் வந்தபோது எங்கள் பூங்கா மட்டும் காய்ந்து நின்றதற்காகக் கொடுத்தது.

கதை இங்கே நின்றிருந்தால் உங்களை நல்லபடியாக அனுப்பி வைத்திருப்பேன்.

கார்த்திகையில் பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். அதற்கான புதிய படத்தை ஐப்பசி மழையின்போதே எடுத்துவிட்டார்களாம். என் வீட்டு முற்றத்தில் தண்ணீர் மினுங்கியிருக்கிறது. ரெம்யா நேரில் வந்து சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. சதுப்பு நிலம் இயற்கையாக விரிவடைகிறதாம். மனு கொடுக்கலாம், இரண்டு கையெழுத்து போதும்.

சந்தின் உச்சிக்கு ஏறினேன். அண்ணாச்சி மனுவை இரண்டு முறை படித்தார். "அக்கா, ஒங்க வீடு வீடுதான், எனக்குத் தெரியாதா?" என்று தொடங்கினார். மீதியை நான் கேட்கவில்லை. ஏற்கெனவே குறிப்பில் எழுதியதுதானே.

கீழே இறங்கி வந்தேன். ரத்னாபாய் பலகையைத் தாண்டி உள்ளே, இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பது நாளில் பதினொரு நாள் பாக்கி. மனுவை நீட்டக் கை வரவில்லை எனக்கு. அவளே கையை நீட்டினாள்.

"பேனா கொண்டு வந்திருக்கியளா அக்கா? மை உண்டுமா?"

உண்டு என்று தலையாட்டினேன். தாளை முழங்காலில் வைத்து, முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நனைந்துவிடக் கூடாது என்று ஊதிக் கொடுத்தாள்.

அந்த ஒரு கையெழுத்தோடு கொடுத்த மனு நேற்று திரும்பி வந்தது. செயற்பிரிவு மிக மரியாதையாகக் காரணம் எழுதியிருக்கிறது: 'கையொப்பமிட்டவரின் முகவரி பதிவேட்டின்படி சதுப்பு நிலம். சதுப்பு நிலத்துக்குக் கையொப்பமிடும் தகுதி இல்லை.'

இருக்கலாம் மக்களே. நான் விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சந்தில் கையெழுத்துப் போட்டது அந்தச் சதுப்பு நிலம் ஒன்றுதான். வீடும் தகுதியும் வைத்திருந்தவர்கள் போடவில்லை.